கேட்டவள்

சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலில்
கிடங்குக்குள் விழுந்து தொடை முறிந்தவன்.
திருகோணமலை ஆஸ்பத்திரி, யன்னலோரக் கட்டில்.
ஸ்தாமாத்திஸ் என்று அட்டையில் எழுதியிருந்தது.
வாயில் வரவில்லை. தம்பி என்றேன்.

அமாவாசை இரவு கரண்ட் போனது.
ஜெனரேற்றர் பிடிக்கப் பத்து நிமிடம்.
கையில் டோர்ச், இடுப்பில் திறப்புக்கோர்வை,
எச்சில் சோற்றுக்குப் பழகிய மூன்று நாய்கள்
விறாந்தைவரை பின்னால் வர
வாட்டுக்குள் நுழைந்தேன்.
அவன் எழும்பப் பார்த்து, வலியில் சரிந்து,
"எக்காத்தி" என்றான்.

காத்தி என்று முடிகிற பெயர்.
கடற்கரை வேம்பின் கீழ் யாரோ நட்ட கல்லுக்கு
இருக்கக்கூடிய பெயர்.
நான் அற்றெண்டன், தம்பி, என்றேன்.
பிணவறைத் திறப்பும் என்னிடம்தான்.
அதைச் சொல்லவில்லை.

காய்ச்சல் அட்டையின் பின்பக்கம் கீறிக் காட்டினான்,
பாதி இங்கிலீசு, மீதி கை:
ஒரு கழுத்தில் மூன்று முகம்,
மூன்று தெருவையும் ஒரே நேரம் பார்க்கிறவள்.
பந்தம். திறப்பு. காலடியில் நாய்.
மருந்தும் தெரியும், நஞ்சும் தெரியும்.
நிலவில்லா இரவில் முச்சந்தியில் அவளுக்கு
முட்டை, உள்ளி, மீன் வைத்துவிட்டுத்
திரும்பிப் பாராமல் வருவார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
விடிய வேலை முடிந்து போகையில்
சந்தியில் நான் விலகிக் கடக்கும் கழிப்பு:
வெட்டின தேசிக்காய், குங்குமம் அப்பிய பூசணி, முட்டை.
எங்கள் ஆட்களும் திரும்பிப் பார்ப்பதில்லை.
கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து
முகர்ந்துவிட்டுப் போகும்.

மறுநாள் மிச்சத்தையும் சொன்னான்.
பூப்பறித்த பெண்ணை
நிலம் பிளந்து ஒருவன் தேரில் இழுத்துப் போனான்.
அவள் அப்போது தன் குகைக்குள் இருந்தாள்.
அலறல் மட்டும் வந்தது.
தாய் ஒன்பது நாள் தண்ணீர் தொடாமல் அலைந்தாள்.
பத்தாம் நாள் பந்தத்தோடு போய்ச் சொன்னாள்:
கேட்டது. பார்க்கவில்லை.

அவ்வளவுதானா, என்றேன்.
அவ்வளவுதான், என்றான்.

அன்றிரவு பிணவறைப் பூட்டை
மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

பதினேழு வருசம்.
ஆனி மாதம். உள்ளே நிலம் கழுவிக்கொண்டிருந்தேன்.
மதிலுக்கு அப்பால், சந்தியில், வான் கதவு இழுபட்டது.
அந்தப் பிள்ளை அம்மா என்று கத்தவில்லை.
"என்ர சைக்கிள்" என்று கத்தினாள்.
குழாயைப் பூட்டினேன்.
பிறகு, திறந்தேன்.

ஆள் தெரியாத உடல் வரும்போதெல்லாம்
பாக்கியநாயகி அக்கா வந்தா.
நான்தான் கதவு திறந்தேன், நான்தான் துணி விலக்கினேன்.
"இது சுகந்தினி இல்லை" என்பா.
போகும்போது, "ஏதும் கேள்விப்பட்டனியோ இராக்கினி?"
நான் பூட்டிக்கொண்டிருப்பேன்,
பூட்டுக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.
கேட்டவ அவ. கேட்டவள் நான்.

கப்பல் எப்போதோ போய்விட்டது.
அவனையும் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள்.
அட்டையை மட்டும் நான் கோப்பில் வைக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு வேலைக்குப் போகாமல்
டோர்ச்சோடு நடந்தேன்.
சந்தியில் படுத்திருந்த மான்களின் கண்கள்
பச்சையாகப் பற்றின.
ஆஸ்பத்திரி நாய்களை நான் கூப்பிடவில்லை.

படலைக்கு வெளியே நின்று சொன்னேன்.
"கேட்டது, அக்கா. பார்க்கேல்லை."

எப்போது என்று கேட்கவில்லை.
ஏன் இவ்வளவு காலம் என்றும்.
"என்ன சொன்னவள்?"

சொன்னேன்.

உள்ளே போனா. நெடுநேரம் வரவில்லை.
இருட்டுக்குள் மணி ஒருதரம் இடறியது.
சந்தியில் கிடந்து எடுத்த சிவப்பு லேடீஸ் சைக்கிள்,
கூடைக்கம்பி ஒன்று நெளிந்தபடி.

"மாசத்துக்கு ஒருக்கா காத்து அடிச்சு வைக்கிறனான்" என்றா.

அவ உருட்டினா.
நான் முன்சில்லுக்கு வெளிச்சம் பிடித்தேன்.
எந்தத் தெரு என்று
நாய்கள்தான் முடிவெடுத்தன.